துரையின் மீன்களும் கிளாக்கரம்மாவின் நித்திரையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மின்சாரம் கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸுகளுக்கும் மட்டும்தான் இருந்தது. ஆற்றை மறித்து ஓட்டிய டைனமோவின் கம்பி நாங்கள் குடியிருந்த லயங்களுக்கு மேலாகத்தான் போனது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்தான். அதனால், மீன்கள் மூச்சுவிடுவதற்குக் கூட ஒரு மோட்டார் உண்டு, அது இரவும் பகலும் கரண்டில் ஓட வேண்டும் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதிக நாள் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பேனா பிடித்ததில்லை. என் வயதுப் பெண்கள் கூடையை முதுகில் போட்டபோது நான் தெமோதரையில் ரயிலேறிப் பதுளைக்குப் படிக்கப் போனேன். சப்பாத்து இல்லாமல்தான் போனேன், ஆனால் வகுப்பில் முதலாவதாக வந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பரீட்சை பாஸானதும் ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தேன். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும் என்றார்கள். நானும் அப்பாவும் பிறந்தது இதே மலையில்தான். ஆனால் அப்பா பிறந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. எங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சுதந்திரம் வந்த நாட்டில் அரசாங்கத்தின் கதவு எனக்கு அப்படி மூடியது.

மிச்சமிருந்தது தோட்டப் பள்ளிக்கூடம். ஒரே கூரை, ஒரே கரும்பலகை, ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் வயதாகி இந்தியாவுக்குத் திரும்பப் போவதாக இருந்தார். அவர் இடத்துக்கு யாரைப் போடுவது என்பது துரையின் கையில் இருந்தது. துரையிடம் வாய் திறந்து பேசக்கூடியவர் கந்தோர் என்ற தோட்ட ஆபீஸில் இருந்த பெரிய கிளாக்கர் ஒருவர்தான்.

கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை நீளக்கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். துரையின் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து நிற்பவர், அவ்வளவுதான். துரையும் துரைசாணியும் ஆறு மாத லீவில் சீமைக்குப் புறப்பட்டபோது பங்களாவைப் பூட்டி, கரண்டையும் நிறுத்திவிட்டார்கள். துரைசாணியின் தங்கமீன் தொட்டி கிளாக்கர் ஐயாவின் பொறுப்பில் வந்தது. அவர் கேட்டு வாங்கினாரா, அவர்களாகக் கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவர் மனைவி கிளாக்கரம்மாவைத் தோட்டத்தில் எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வோம்.

"பிள்ளை, நீ படிச்சனி. இங்கிலீசும் தெரியும். துரைசாணி எல்லாம் விளக்கமா எழுதி வச்சிட்டுப் போயிருக்கிறா. எனக்குக் கந்தோரில இருந்து விலக ஏலாது. அம்மாவுக்கும் சுகமில்லை. நீ வந்து அம்மாவோட துணைக்கு நில்லு, மீனையும் பார். துரை திரும்பி வரட்டும். மீனெல்லாம் நல்லா இருக்கிறதைக் காட்டிப்போட்டு, அந்த நல்ல நேரத்தில உன்ர பள்ளிக்கூட விசயத்தைக் கதைக்கிறன்."

வீட்டில் என் அம்மாவிடம் சொன்னேன். கொழுந்து பறித்து வந்து காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தது.

"மீனு பாக்கவா எஸ்ஸெஸ்ஸி படிச்ச?"

"வாத்தியார் வேலைக்கும்மா. ஐயா தொரகிட்ட பேசுறேன்னு சொல்லியிருக்காரு."

"பேசுவாரு, பேசுவாரு. மீனு உசுரோட இருந்தா பேசுவாரு. செத்துப்போச்சுன்னா?"

"நான் பாத்தா ஏன் சாவுது?"

"ஆமா, நீ எமனுக்கே பாடம் சொல்றவ," என்று சிரித்துக்கொண்டே சுண்ணாம்பைச் சுவரில் துடைத்தது.

தொட்டியை வைத்தது கிளாக்கர் வீட்டுப் படுக்கையறையில். அந்த வீட்டில் ப்ளக் செருக ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அது அந்த அறைச் சுவரில், கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மற்ற அறைகளில் கூரையிலிருந்து ஒரு பல்பு தொங்கும், அவ்வளவே. தொட்டியைத் தூக்கி வந்த, பங்களாவில் சமைக்கும் குசினி அப்பு, மீன்களை வாளியிலிருந்து பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார்.

"பாத்து தங்கச்சி. துரைசாணிக்குப் புள்ளைங்க மாதிரி இதுங்க. மோட்டார மட்டும் நிப்பாட்டிராத. நிப்பாட்டுன, காலையில எல்லாம் மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும்."

"சம்பளம் கேக்குற மாதிரியா?"

"அதேதான். சம்பளம் குடுத்தா போயிரும். இது காத்துக் குடுத்தாத்தான் போகும்."

மோட்டார் ஒரு சிகரெட் டின்னை விடக் கொஞ்சம் பெரிது. அதன் பக்கத்தில் சிறு சக்கரம், சக்கரத்தில் கோத்த ஒரு பிஸ்டன். சக்கரம் சுற்றச் சுற்ற பிஸ்டன் காற்றை இழுத்து ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் தள்ளும். குழாயின் நுனியில் ஒரு கல். கல்லிலிருந்து குமிழிகள் எழும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. சத்தம்தான் பொறுக்க முடியாதது. மோட்டாரின் இரைச்சல் ஒன்று, பிஸ்டனின் 'டக் டக்' இன்னொன்று, குமிழி மேலே வந்து உடையும் 'கொளகொள' மூன்றாவது. தண்ணீர் குறைந்து டைனமோ மந்தமாகும்போது இரைச்சல் முனகலாக இறங்கும், மழை பெய்ததும் மறுபடி ஏறும். ஒரே மாதிரி இருந்தாலாவது காது பழகிக்கொள்ளும்.

கிளாக்கரம்மாவுக்கு நித்திரை இல்லாத நோய். ஒரு குழந்தை பிறந்து சில நாளில் தவறிவிட்டது. அதன் பிறகுதான் இப்படி என்றார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. "நித்திரைதான் மருந்து, அமைதியாக வைத்திருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டின் ஒரே அமைதியான அறையில்தான் நாங்கள் மோட்டாரை ஓடவிட்டோம்.

முதல் நாள் விடிந்ததும் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பிள்ளை, எனக்கு உந்தச் சத்தம் காதில கேக்கேல்லை. மண்டைக்குள்ள கேக்குது."

"இன்னைக்குச் சரி பண்ணிடுறேன் அம்மா."

"சரி பண்ண ஏலாட்டி நான் அதைத் தூக்கி முத்தத்தில போட்டிடுவன். உங்கட ஐயா என்ன குதிச்சாலும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. தொட்டி முற்றத்துக்குப் போனால் என் பள்ளிக்கூடமும் கூடவே போகும். அதனால் அந்தச் சத்தத்தோடு சண்டைக்கு இறங்கினேன்.

படித்தவள் செய்வதுபோல முதலில் கவனித்தேன். மோட்டாரைக் கையில் தூக்கிப் பிடித்தால் சத்தம் பாதியாகக் குறைந்தது. திரும்ப அலுமாரி மேல் வைத்தால் அலுமாரியே சேர்ந்து பாடியது. ஆக, கத்துவது மோட்டார் மட்டுமல்ல, பலகையும்தான். பழைய கம்பளியை நான்காக மடித்து அடியில் வைத்தேன். சத்தம் இறங்கியது. ஆனால் மோட்டார் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து சுவரைத் தொட்டது, சுவர் பாட ஆரம்பித்தது. பிறகு சணல் கயிற்றில் தொட்டில் மாதிரி கட்டி, ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டேன். எதையும் தொடாமல் தொங்கியபோது இரைச்சல் நன்றாகக் குறைந்தது. ஐயாவின் தையல் மெஷின் எண்ணெயை பிஸ்டனுக்கு ஒரு சொட்டு விட்டதில் 'டக் டக்' மெத்தென்றானது.

"கம்பளியால சுத்திக் கட்டிவிடன்," என்றார் ஐயா.

சுற்றிக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்த்தால் கை சுட்டது, ரப்பர் தீயும் வாடை வந்தது. அவிழ்த்துவிட்டேன். அதற்கும் காற்று வேண்டும்.

மிஞ்சியது குமிழிச் சத்தம். குழாயின் நடுவில் துணி காயப்போடும் மரக்கவ்வியை மாட்டிக் காற்றைக் குறைத்தேன். குமிழி சிறிதானது, சத்தமும் சிறிதானது. ஆனால் விடிந்து பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்தபடி நின்றன. அப்பு சொன்னது சரிதான். அதனால் வேறு பக்கத்திலிருந்து வந்தேன். மீன் குறைந்தால் காற்றும் குறைவாகப் போதும். பெரிய மீன்கள் சிலவற்றை முன்விறாந்தையில் ஒரு அகலமான சீமெந்துத் தொட்டிக்கு மாற்றினேன். அகலமான தண்ணீருக்குக் காற்று தானாகவே கிடைக்கும். தீனியைப் பாதியாக்கினேன், தின்னாமல் மிஞ்சி அழுகும் தீனிதான் தண்ணீரைக் கெடுக்கிறது. மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்து, தினமும் கொஞ்சம் பழையதை எடுத்துப் புதியதை ஊற்றினேன். கவ்வியைச் சற்றுத் தளர்த்தினேன். மீன்கள் கீழே இறங்கி நீந்தின.

இவ்வளவையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. துரைசாணியின் தாளில் மோட்டாரை நிறுத்தக்கூடாது, தீனி அளவாகப் போட வேண்டும் என்பதுதான் இருந்தது. சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் பங்களாவில் மீன்களுக்குத் தனி அறை.

ஆனாலும் அம்மா தூங்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றால் எனக்கே கேட்காத சத்தம் அவருக்குக் கேட்டது. "குறைஞ்சுபோச்சு பிள்ளை, உண்மையாத்தான். ஆனா குறைஞ்ச பிறகு அதைத் தேடித் தேடிக் கேக்கிறன்," என்றார். அது எனக்குப் புரிந்தது. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பராவில் சண்டை நடந்தால் நான் படிப்பேன். அவர்கள் கிசுகிசுத்தால் என்னால் படிக்க முடியாது.

மோட்டார் அறையை விட்டே வெளியேற வேண்டும் என்று சொன்னது நான். குழாயை நீட்டினால் போதும், காற்று எவ்வளவு தூரமும் போகும். நீளமான குழாய்க்கு ஐயா டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பினார். சிவப்பு ரப்பர் குழாய் ஒரு சுருள் வந்தது. அம்மா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னப்பா இது, வயித்துக்குள்ள தண்ணி விடுற குழாயெல்லோ!"

"புதுசு, புதுசு," என்றார் ஐயா அவசரமாக. "ஆரும் பாவிக்கேல்லை."

"துரைசாணியிட மீனுக்கு எனிமா! வந்தோடனை சொல்லுங்கோ அவவுக்கு."

அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

மோட்டாரை எங்கே வைப்பது? முன்விறாந்தையில் மழைச்சாரல் அடிக்கும். குசினியில் அடுப்புப் புகை. அதை நானே சொல்லி வேண்டாம் என்றேன். தொட்டியை விட உயரத்திலும் இருக்க வேண்டும். ஒருநாள் ஸ்டோரில் டைனமோ நின்றபோது தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து தரையெல்லாம் ஓடியது. மோட்டார் மேலே இருந்தால் அப்படி வராது. இவ்வளவையும் கேட்டுவிட்டு ஐயா படுக்கையறைக்கு அடுத்த அறையைக் காட்டினார்.

"சாமி அறை. உயரத் தட்டு இருக்கு. கதவைப் பூட்டினா சத்தம் வராது. பல்பு ஹோல்டரில இருந்து வயர் இழுக்கலாம்."

அம்மா தயங்கினார். "சாமிக்குப் பக்கத்தில மெஷினோ?"

"ஏனப்பா, ஆயுத பூசைக்கு ஸ்டோரில இருக்கிற அவ்வளவு மெஷினுக்கும் பொட்டு வைக்கிறம்தானே? இதுவும் ஒரு ஆயுதம்தான்."

அப்படியே செய்தார்கள். சுவரின் உச்சியில் இருந்த காற்றோட்டத் துவாரத்தினூடாகச் சிவப்புக் குழாய் படுக்கையறைக்குள் இறங்கியது. மோட்டார் பிள்ளையார் படத்துக்கு அருகே கம்பளி மேல் உட்கார்ந்தது. அம்மா சந்தனத்தைக் குழைத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். குங்குமமும் வைத்தார். கதவைச் சாத்தியதும் படுக்கையறையில் குமிழிகளின் மெல்லிய ஓசை மட்டும் இருந்தது. தூரத்தில் பீலி ஓடுவது போல.

அன்று அம்மா தூங்கினார். மறுநாளும் தூங்கினார். பகலில் கூட, நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. கண்ணுக்குக் கீழ் இருந்த கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. தோசைக்கு அரைத்துத் தரச் சொன்னார். தலை பின்னச் சொன்னார். ஐயா கந்தோரிலிருந்து வந்து வாசலில் நின்று, மனைவி பாடுவதைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, நீ டீச்சர்தான். இனி அதில சந்தேகமில்லை," என்றார். இதற்குள் மாதங்கள் ஓடி, துரை திரும்ப இன்னும் சில வாரங்களே இருந்தன. நான் லயத்துக்குப் போனபோது என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் கேலி பேசவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நூல் சேலையை எடுத்து வெயிலில் போட்டது. டீச்சர் வேலைக்குச் சேலை வேண்டுமல்லவா.

வெள்ளிக்கிழமை வந்தது. நோய் கண்டதிலிருந்து கிளாக்கரம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை விட்டிருந்தார். ஐயா அவசரமாக ஒரு கற்பூரத்தைக் காட்டிவிட்டுக் கந்தோருக்குப் போய்விடுவார். அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது அம்மா தலைமுழுகி, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, நெற்றியில் திருநீறோடு நின்றார். நல்ல நித்திரை கண்ட முகம்.

"இவ்வளவு காலம் சாமியை மறந்து கிடந்திட்டன், பிள்ளை. இண்டைக்கு முறையாச் செய்வம். பூ பறிச்சுக்கொண்டு வா. பிறகு கோயிலுக்குப் போட்டு வருவம்."

நான் முற்றத்தில் செவ்வரத்தைப் பூ பறித்தேன். உள்ளே அம்மா சிரட்டைக் கரியைத் தணலாக்கி, சட்டியில் போட்டு, கைநிறையச் சாம்பிராணி தூவினார். வாசனை முற்றம் வரை வந்தது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். எங்கள் லயத்திலும் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவோம். பீடையும் பூச்சியும் போகும், வீடு சுத்தமாகும் என்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் போடுவோம், நோயாளி எழுந்த வீட்டில் போடுவோம். அடுப்புப் புகை வேண்டாம் என்று குசினியை ஒதுக்கிய நான், இதைப் புகை என்று எண்ணவே இல்லை. அம்மாவும் எண்ணவில்லை. ஐயா இருந்திருந்தால் அவரும் எண்ணியிருக்க மாட்டார். எங்கள் ஆட்களில் ஒருவர் கூட எண்ணியிருக்க மாட்டார் என்று இன்றும் சொல்வேன். புகை வேறு, சாம்பிராணி வேறு.

அம்மா வீடு முழுதும் காட்டிவிட்டு, சட்டியைச் சாமி அறையில் படங்களுக்கு முன் வைத்தார். இன்னும் ஒரு கை சாம்பிராணி போட்டார். வாசனை நிற்க வேண்டும் என்று ஜன்னலை அடைத்துக் கதவைச் சாத்தினார். இருவரும் கோயிலுக்கு இறங்கினோம். வழியில் கொழுந்து மலையில் நின்றவர்கள், "கிளாக்கரம்மா நடந்து வராங்க!" என்று ஒருவருக்கொருவர் கூவிச் சொன்னார்கள். அம்மா கையசைத்தார். கோயிலில் பூசாரி தன் சம்சாரத்தின் மூட்டுவலியிலிருந்து மகனின் கல்யாணம் வரை எல்லாம் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நாங்கள் ஏறி வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

படுக்கையறைக் கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை. அது அதிசயமில்லை, வீடெல்லாம் அதுதான். ஆனால் தொட்டியை நெருங்க நெருங்க வாசனை கூடியது. குமிழிகள் வழக்கம்போல் எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து உடைந்தபோது அதிலிருந்து நூல் போல ஒரு புகை எழுந்து கலைந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஓர் ஆடை. மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. ஒன்றின் செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை அசைந்தது.

நான் ஓடிப்போய்ச் சாமி அறையைத் திறந்தேன். உள்ளே படங்களே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் மோட்டார் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினேன்.

"என்ன பிள்ளை? என்ன?" அம்மா பின்னாலேயே வந்தார். நான் சொன்னதும் தன் கையைப் பார்த்தார், சாம்பிராணி தூவிய கையை.

அசைந்த மீனை மட்டும் வாளித் தண்ணீருக்கு மாற்றி, தண்ணீரை அகப்பையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்று கொடுத்தேன். தோள் வலிக்கும் வரை ஊற்றினேன். சாயங்காலம் அதுவும் நின்றுவிட்டது. முன்விறாந்தைச் சீமெந்துத் தொட்டியில் விட்ட பெரிய மீன்களுக்கு ஒன்றுமில்லை. அவற்றுக்கு மோட்டாரும் இல்லை, சாமி அறையும் இல்லை.

ஐயா வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தார். "துரைசாணிக்குச் சின்னதுகள்தான் விருப்பம்," என்றார்.

அன்று முதல் அம்மாவுக்கு மறுபடி நித்திரை போனது. இப்போது வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. "சத்தம் இருந்தாலாவது நல்லா இருக்கும், பிள்ளை," என்றார் ஒருநாள். ஐயா வெறும் தொட்டியைத் துடைத்து விறாந்தைக்கு மாற்றி, மிஞ்சிய பெரிய மீன்களை அதில் விட்டார். தொட்டி பாதி வெறுமையாகத் தெரிந்தது.

துரையும் துரைசாணியும் வந்தார்கள். அன்று என்னைக் கூப்பிடவில்லை. என்ன நடந்தது என்பதைச் சில நாள் கழித்து கிளாக்கரம்மாதான் சொன்னார். அவருக்கு மறைக்கத் தெரியாது.

"உவர், உங்கட ஐயா, உன்ர பேரைத்தான் சொல்லிப்போட்டார், பிள்ளை. லயத்துப் பெட்டையை வச்சுப் பார்த்தம், அவள் ஏதோ செய்துபோட்டாள் எண்டு. நான் உள்ளுக்க நிண்டு கேட்டனான். என்ர கைதான் எண்டு வெளியில வந்து சொல்லியிருக்கலாம். கால் எழும்பேல்லை."

"தொரசாணி கோவிச்சாங்களா அம்மா?"

"இல்லை. அதுதான் வெக்கம். 'அச்சச்சோ' எண்டிட்டு அடுத்த கதைக்குப் போட்டா. துரைதான், பள்ளிக்கூடக் கதை வந்தோடனை, 'மீனைப் பார்க்கத் தெரியாதவளோ பிள்ளையளைப் பார்க்கப் போறாள்?' எண்டு கேட்டுச் சிரிச்சவர். உவரும் சேந்து சிரிச்சவர்."

அந்தச் சிரிப்போடு என் விஷயம் முடிந்தது. கோபத்தில் ஒருவர் மறுத்தால் கோபம் தணிந்ததும் போய்க் கேட்கலாம். பகிடியாக மறுத்ததை எப்படிப் போய்க் கேட்பது?

ஆனாலும் கேட்டேன். துரையை அல்ல. கந்தோர் ஜன்னலண்டை போய் நின்றேன். ஐயா தலையைத் தூக்கினார்.

"ஐயா, மோட்டார சாமி அறையில வைக்கச் சொன்னது நீங்க."

"ஓம். ஆர் இல்லையெண்டது?"

"தொரகிட்ட அத சொல்லலியே."

அவர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, நான் என்ர மனுசியிட சாம்பிராணிதான் கொண்டதெண்டு சொல்லுறதோ? என்ர யோசனை எண்டு சொல்லுறதோ? நான் இஞ்ச வேலை செய்யிற ஆள்."

"அப்ப நான்?"

"நீ இன்னும் வேலையில இல்லையே. உனக்கு இழக்க என்ன இருக்கு?"

அதை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவர், கணக்காகச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எனக்கு இருந்ததுதாங்க போயிருச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் இளைஞனைப் போட்டார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவன் என்றார்கள். நல்ல பையன்தான். பிள்ளைகளை அடிப்பதில்லை. நான் பதுளையிலும் பண்டாரவளையிலும் தனியார் பள்ளிக்கூடங்களுக்கு எழுதினேன். சிலர் பதில் எழுதவில்லை. எழுதியவர்கள் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கேட்டார்கள்.

லயத்தில் ஒரு காம்பரா கிடைத்த குடும்பத்தில் வேலைக்குப் போகும் வயதில் ஒருவர் சும்மா இருந்தால் தோட்டத்துக்குப் பொறுக்காது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அப்பாவை வழிமறித்து, "படிச்ச பொண்ணு வீட்டுக்குள்ள என்ன, முட்டையா போடுது?" என்று கேட்டார். அப்பா என்னிடம் சொல்லவில்லை. அம்மா சொன்னது.

"நம்மள மாதிரி தானே எல்லாரும் இருக்காங்க," என்றது பிறகு. "கொஞ்ச நாளைக்குத்தான். ஏதாச்சும் வந்தா போயிரலாம்."

"ஒன்னும் வராதும்மா."

"வராட்டியும் பரவால்ல. கை வேலைக்குப் பழகிரும்."

அடுத்த வாரம் விடியற்காலையில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன். பனி இன்னும் ஸ்டோர் கூரையை விட்டு எழவில்லை. புதிதாகப் பேர் கொடுப்பவர்களைக் கந்தோர் வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். என் முறை வந்தது. கிளாக்கர் ஐயா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமலே என் பெயரையும் அப்பா பெயரையும் லயத்தின் எண்ணையும் தானே எழுதினார். பிறகு, எனக்கு முன் நின்ற எல்லோருக்கும் செய்தது போல, மைப் பெட்டியைத் திறந்து என் பக்கமாகத் தள்ளினார்.

நான் கட்டைவிரலை நீட்டவில்லை. அவருக்கு முன்னால் கிடந்த பேனாவை எடுத்து இங்கிலீசில் முழுக் கையெழுத்துப் போட்டேன். ஓர் எழுத்தும் விடாமல், நிதானமாக. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஐயா அந்த ஈர மையின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். பேனாவைத் திரும்ப வாங்கினார்.

"அடுத்த ஆள்," என்றார்.